குரலுக்கு ஏற்ற பாட்டு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டால் எங்கள் பள்ளியில் மாலை மணி அடித்த பிறகும் ஆரவாரம் அடங்காது. குடில் கட்டுவோர் ஒருபுறம், நட்சத்திரம் ஒட்டுவோர் ஒருபுறம், நடுவே பாட்டுக்குழுவினராகிய நாங்கள். தமிழ்க் கீதங்கள் முடிந்தபின் கடைசியாக நாங்கள் எடுப்பது, ‘ஹார்க் தி ஹெரால்ட் ஏஞ்சல்ஸ்’ என்னும் ஆங்கிலக் கீதம். சூசையப்பர் கோயில் முதல் சிற்றூர்ச் சிற்றாலயம் வரை திண்டுக்கல் வட்டாரத்தில் இதன் மெட்டை அறியாத காது இராது.

சென்ற ஆண்டு அந்தப் பயிற்சியின்போது ஒரு துன்பம் நேர்ந்தது. எங்களுள் மிக இனிய குரல் படைத்த மாணவி ஒருத்திக்கு, விழாவுக்கு எட்டு நாட்கள் முன்பு குரல் போய்விட்டது. காற்றுத்தான் வந்ததே தவிர ஓசை வரவில்லை. தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் வீங்கியிருப்பதாகவும், மூன்று வாரம் கிசுகிசுப்பாகக் கூடப் பேசலாகாது என்றும் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால், குற்றம் எங்களுடையது. ‘இன்னும் உயர, இன்னும் உரக்க’ என்று அவளைத் தூண்டியவர்கள் நாங்களே. கீபோர்டின் சுருதியைக் குறைக்க ஒரு விசை இருந்தும் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அந்த மூன்று வாரமும் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் எங்களோடு பேசினாள். எங்களுக்குக் குரல் இருந்தும், நாங்களும் அதே நோட்டில் எழுதியே விடை தந்தோம். ஒருநாள் அவள், “இந்த மெட்டைப் போட்டவர் யார்? இவ்வளவு உயரத்தில் யாரை நினைத்துப் போட்டார்?” என்று எழுதிக் கேட்டாள். விடை தேடி நூலகம் போனோம். அங்கே நாங்கள் கண்டது ஓர் இசையமைப்பாளரையும் அவருக்கு ஊக்கம் தந்த ஒரு பாடகியையும் அவர்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தையும். அதனைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மெட்டுக்கு உரியவர்

அந்த மெட்டுக்கு உரியவர் பீலிக்ஸ் மெண்டல்சன். 1809 பிப்ரவரி 3-ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். யூத அறிஞர் மோசஸ் மெண்டல்சனின் பேரர். ஏழு வயதில் திருமுழுக்குப் பெற்றவர். நம் ஊர்த் திருமணங்களில் மணமக்கள் கோயிலை விட்டு வெளியே வரும்போது ஒலிக்கும் ‘வெட்டிங் மார்ச்’ என்னும் வாத்திய இசையும் அவர் 1842-இல் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றுக்காக அமைத்ததே. நாம் பெயர் அறியாமலே அவரைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்து பிறப்புக் கீதமாக நாம் பாடும் மெட்டை அவர் கீதமாக அமைக்கவே இல்லை. அச்சுக்கலை தோன்றி நானூறு ஆண்டு நிறைந்ததை 1840-இல் லைப்சிக் நகரம் கொண்டாடியபோது, அந்த விழாவுக்காக அவர் அமைத்த இசையின் ஒரு பகுதி அது. பின்னர் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இந்த மெட்டுக்கு வேறு சொற்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் பக்திச் சொற்கள் இதற்குப் பொருந்தவே பொருந்தா என்று தெரிவித்தார். அவர் மறைந்த பின், 1855-இல் வில்லியம் கம்மிங்ஸ் என்பவர் சார்லஸ் வெஸ்லியின் பழைய பாடலை இம்மெட்டோடு இணைத்தார். அமைத்தவரே பொருந்தாது என்ற ஒன்று இன்று உலகெங்கும் ஆலயங்களில் ஒலிக்கிறது! ஆகவே தோழியின் கேள்விக்கு முதல் விடை இது: இந்த மெட்டு எந்தப் பெண் குரலையும் எண்ணி எழுந்ததன்று. ஆனால் அவர் ஒரே ஒரு குரலை எண்ணி எழுதிய பாட்டும் உண்டு. அந்தக் குரலுக்கு உரியவர் ஜென்னி லிண்ட்.

பூனைக்குப் பாடிய சிறுமி

ஜென்னி 1820 அக்டோபர் 6-ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். வறுமையும் வேதனையும் நிறைந்த இளமை. ஒன்பது வயதில் ஜன்னலோரம் அமர்ந்து தன் பூனைக்குப் பாடிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன ஒரு பணிப்பெண் அதைக் கேட்டாள். அரச நாடக அரங்கின் நடனக் கலைஞர் ஒருவரிடம் வேலை பார்த்தவள் அவள். அவள் போய்ச் சொல்ல, சிறுமி அரங்கின் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். ஒரு வேலைக்காரப் பெண்ணின் செவி மட்டும் அன்று கூர்மையாக இராவிட்டால், உலகம் இந்தக் குரலை இழந்திருக்கும்.

1838-இல், பதினேழு வயதில், ஜென்னி இசை நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். புகழ் வந்தது. புகழோடு ஓயாத உழைப்பும் வந்தது. முறையான பயிற்சியின்றி இரவு தவறாமல் பாடியதால் இருபது வயதுக்குள் குரல் சிதைந்துவிட்டது. 1841-இல் பாரிஸ் நகருக்குச் சென்று, மானுவேல் கார்சியா என்னும் பெரும் ஆசானின் முன் பாடிக் காட்டினார். உனக்குக் கற்றுத்தரக் குரலே மிச்சமில்லை என்னும் பொருள்பட அவர் கூறிவிட்டார். கண்ணீரோடு நின்ற பெண்ணைப் பார்த்து, சில வாரங்கள் பாடவே கூடாது, இயன்றவரை பேசவும் கூடாது, அதன்பின் வா என்றார். ஜென்னி அப்படியே செய்தார். பிறகு ஏறத்தாழப் பத்து மாதம், மூச்சை ஆளும் முறை முதற்கொண்டு, அடிப்படையிலிருந்து கற்றார். குரல் முன்னிலும் தெளிவாகத் திரும்பியது. இந்தக் கார்சியாதான் பின்னாளில் சிறு கண்ணாடியின் உதவியால் பாடுபவரின் குரல் நாண்களை உயிரோட்டத்தோடு கண்டு, 1855-இல் அறிஞர் சபைக்கு அறிவித்தவர். தொண்டை மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள்.

இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது எங்கள் தோழியின் முகம் மலர்ந்ததை எழுத்தில் சொல்ல இயலாது. நோட்டை எடுத்து, “அப்படியானால் வரும்!” என்று ஒரே சொற்றொடர் எழுதினாள்.

சந்திப்பும் கடிதங்களும்

1844 அக்டோபரில் பெர்லின் நகரில் மெண்டல்சனும் ஜென்னியும் முதன்முதல் சந்தித்தனர். மெண்டல்சனுக்கு வயது முப்பத்தைந்து. மனைவி செசிலோடும் குழந்தைகளோடும் வாழ்ந்த குடும்பத் தலைவர். லைப்சிக் நகரில் இசைக்கல்லூரி ஒன்றை முந்தின ஆண்டுதான் தொடங்கியிருந்தார். ஜென்னிக்கு வயது இருபத்து நான்கு. ஒருவர் லைப்சிக்கிலும் மற்றவர் ஸ்டாக்ஹோம், பெர்லின், வியன்னா என ஊர் ஊராகவும் இருந்தமையால், நட்பு வளர்ந்தது பெரும்பாலும் தபாலில்தான். மெண்டல்சன் எழுதிய கடிதங்கள் பல, 1891-இல் வெளிவந்த ஜென்னியின் வாழ்க்கை வரலாற்று நூலில் அச்சேறின.

அக்கடிதங்களில் என்ன இருந்தது? இசையுலகச் செய்திகள், தாம் எழுதிக்கொண்டிருக்கும் படைப்புகளைப் பற்றிய குறிப்புகள், சோர்வுற்ற வேளையில் ஊக்கமொழிகள். ஜென்னி மேடையில் அரசிபோல் தோன்றினாலும் உள்ளத்தில் அச்சம் மிகுந்தவர். லண்டன் அரங்கில் பாடத் துணியாமல் நெடுநாள் தயங்கினார். அவரைத் தேற்றித் துணிவு தந்தோருள் மெண்டல்சனும் ஒருவர். மெண்டல்சனுக்கும் இந்த நட்பால் பயன் உண்டு. உள்ளத்தில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் பாடும் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவருக்குப் புதிய படைப்புகளுக்கான ஆவலைத் தந்தது. ஜென்னிக்காகவே ஓர் இசை நாடகம் எழுத எண்ணி நல்ல கதையைத் தேடினார்.

1845 டிசம்பரில் ஜென்னி லைப்சிக் வந்து அவர் நடத்திய கச்சேரியில் பாடினார். மறுநாள், வாத்தியக் கலைஞர்களின் விதவையருக்கு உதவும் நிதிக்காக ஊதியம் பெறாமல் பாடினார். அன்றிரவு தீப்பந்தங்களோடு இசைக் கலைஞர்கள் அவர் தங்கிய வீட்டுக்கு முன் வந்து நன்றிப் பாட்டு இசைத்தனர். கூச்சம் மிகுந்த ஜென்னிக்கு நன்றி சொல்ல நா எழவில்லை. மெண்டல்சன் அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து, இந்தக் கணத்தில் தாம் மெண்டல்சன் அல்லர், ஜென்னி லிண்ட் என்று வேடிக்கையாகக் கூறி, அவர் சார்பில் நன்றி தெரிவித்தாராம். பாடகிக்குச் சொல் கொடுத்தார் இசையமைப்பாளர். அவரது இசைக்கு உயிர் கொடுத்தார் பாடகி.

எலியாவின் மழை

இக்காலத்தில்தான் மெண்டல்சன் ‘எலியா’ என்னும் பேரிசைப் படைப்பை எழுதினார். மேடையில் நடிப்பின்றி, தனிப்பாடகரும் பாடற்குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து திருநூல் வரலாற்றைப் பாடுவது இவ்வகை. அரசர்கள் முதல் நூலில் நாம் படிக்கும் எலியா வரலாறு நமக்குத் தெரிந்ததே. நாடெங்கும் வறட்சி. சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையில் ஒரு கைப்பிடி மாவு. கார்மேல் மலையில் மன்றாட்டு. பணியாளன் ஏழாம் முறை பார்க்கும்போது கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழுகிறது. இந்த இசையில் வானத்தைப் பார்த்துவந்து சொல்லும் பகுதியைப் பாடுவது ஒரு சிறுவனின் குரல்.

சிறுமலைக்கு மேல் கருமேகம் வருகிறதா என்று கழுத்து நோகப் பார்த்திருக்கும் திண்டுக்கல் சமவெளிப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்தச் சிறுவன் அயலான் அல்லன். குடகனாறு மணலாய்க் கிடக்கும் ஆண்டுகளில் நம் வீட்டுப் பெரியோரும் அப்படித்தானே பார்க்கிறார்கள்.

இதன் இரண்டாம் பகுதியைத் தொடங்கி வைப்பது, இஸ்ரயேல் மக்களைக் கேளுங்கள் என்று அழைக்கும் ஒரு பெண் குரல். அதைத்தான் மெண்டல்சன் ஜென்னியின் குரலை நினைத்து எழுதினார். ஜென்னியின் மேல் ஸ்தாயியில் ஒரு குறிப்பிட்ட சுரம் வியக்கத்தக்க தெளிவோடு ஒலிக்குமாம். நம் ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், நாலரைக் கட்டைக்கு உரிய சுரம் அது. அந்தப் பாட்டின் ஆதார சுருதிக்கு அது பஞ்சமம். அந்தச் சுரம் வந்து வந்து நிற்கும்படியாக மெண்டல்சன் பாட்டை அமைத்தார். தோழியரே, இதைக் கவனியுங்கள்! குரலை இழுத்துப் பாட்டுக்குப் பொருத்தவில்லை. குரலின் அழகு எங்கே என்று கண்டறிந்து, பாட்டை அங்கே கொண்டுபோய் வைத்தார். நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு.

1846 ஆகஸ்டு 26-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ‘எலியா’ அரங்கேறியது. ஆனால் அன்று பாடியவர் ஜென்னி அல்லர், வேறொரு பாடகி. 1847 மே 4-ஆம் நாள் ஜென்னி லண்டன் அரங்கில் முதன்முதல் பாடி வெற்றி பெற்றபோது மெண்டல்சன் அங்கே அமர்ந்து கேட்டார். அது இசை நாடகம், ‘எலியா’ அன்று. தாம் ஜென்னிக்காக எழுதிய அந்தப் பாட்டை அவர் பர்மிங்காமில் போலவே வேறு குரல்களில்தான் கேட்க நேர்ந்தது. பத்தே நாட்களில், மே 14-இல், அவருடைய தமக்கை பேனி காலமானார். அந்த இடியிலிருந்து அவர் மீளவில்லை. நவம்பர் 4-ஆம் நாள், முப்பத்தெட்டு வயதில், லைப்சிக்கில் உயிர் நீத்தார். ஜென்னிக்கென எழுதத் தொடங்கிய ‘லோரலை’ என்னும் இசை நாடகம் முற்றுப்பெறவில்லை. அதில் எஞ்சிய சில பகுதிகளுள் ஒன்று பெண் குரல்களுக்கான ‘ஆவே மரியா’ என்பது, நம் போன்ற பள்ளிக்கு மனம் நெகிழும் செய்தி.

வீட்டிலேயே இருந்த குரல்

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மெண்டல்சனின் தமக்கை பேனியும் பிறவி இசைமேதை. நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட படைப்புகளை எழுதியவர். ஆனால் 1820-இல், அவருக்குப் பதினான்கு வயதானபோது, தந்தை ஒரு கடிதம் எழுதினார். இசை உன் தம்பிக்குத் தொழிலாகலாம். உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். தம்பியும் தமக்கையின் திறமையை வாயாரப் புகழ்ந்தாரேயன்றி, பேனி தம் பெயரில் வெளியிடுவதை நெடுநாள் ஆதரிக்கவில்லை. பேனியின் பாடல்களுள் ஆறு, தம்பியின் பெயரிலேயே அச்சாயின.

1842-இல் மெண்டல்சன் லண்டன் அரண்மனைக்குச் சென்றிருந்தபோது, விக்டோரியா அரசியார் அவர் நூலிலிருந்து தமக்குப் பிடித்த ஒரு பாடலைப் பாடிக் காட்டினார். அது பேனி எழுதியது! மெண்டல்சன் உண்மையை ஒப்புக்கொண்டதோடு, இந்நிகழ்ச்சியைத் தாயாருக்குக் கடிதமாகவும் எழுதினார். 1846-இல் தான் பேனி துணிந்து தம் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டார். தம்பியும் வாழ்த்துக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே மரணம் வந்துவிட்டது. 1828-இல் பேனி எழுதிய ‘ஈஸ்டர் சொனாட்டா’ என்னும் பியானோ இசை, நெடுங்காலம் தம்பியுடையதாகவே கருதப்பட்டது. 2010-இல் ஓர் ஆய்வாளர் கையெழுத்துப் படியைப் பார்த்து அது பேனியுடையதே என நிறுவினார். 2017 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று, அது பேனியின் பெயரில் இசைக்கப்பட்டது.

தொலைவிலிருந்த பாடகியின் குரலில் ஒரு சுரத்தைக் கூடத் தவறவிடாத செவி, தன் வீட்டுப் பெண்ணின் ஆசையைக் காலம் கடந்தே கேட்டது. பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

கண்ணீர் கனியானது

மெண்டல்சன் மறைந்து ஓராண்டு கடந்தபின், 1848 டிசம்பர் 15-ஆம் நாள், லண்டன் எக்ஸிட்டர் மண்டபத்தில் ஜென்னி ‘எலியா’வைப் பாடினார். தமக்காகவே எழுதப்பட்ட பாட்டை, எழுதியவர் கேட்க இல்லாத மண்டபத்தில் பாடினார். அதில் ஏறத்தாழ 1,000 பவுன் திரண்டது. அப்பணத்தைக் கொண்டு இளம் இசைஞர்களுக்கு மெண்டல்சன் பெயரில் உதவித்தொகை நிறுவப்பட்டது. 1856-இல் அதை முதலில் பெற்றவன் பதினான்கு வயதுச் சிறுவன் ஆர்தர் சல்லிவன். அவன் பின்னர் மெண்டல்சன் நிறுவிய லைப்சிக் கல்லூரிக்கே சென்று கற்று, இங்கிலாந்தின் பெயர்பெற்ற இசையமைப்பாளன் ஆனான்.

ஜென்னி 1849-இல் நாடக மேடையை விட்டு விலகிக் கச்சேரிகளில் மட்டும் பாடினார். 1850 முதல் 1852 வரை அமெரிக்காவில் பாடி ஈட்டியதில் பெரும்பகுதியைக் கல்விக்கும் அறப்பணிக்கும் அளித்தார். இங்கிலாந்தின் நார்விச் நகரில் அவர் கச்சேரிப் பணத்தால் குழந்தைகள் மருத்துவமனை 1854-இல் திறக்கப்பட்டது. மெண்டல்சனின் மாணவரான ஓட்டோ கோல்ட்ஷ்மிட் என்பவரை மணந்தார். முதிய வயதில் லண்டன் அரச இசைக் கல்லூரியில் மாணவியருக்குப் பாட்டுக் கற்பித்தார். 1887 நவம்பர் 2-இல் மறைந்தார்.

நம் மண்ணில்

இத்தகைய உறவு நம் நாட்டுக்கும் புதிதன்று. ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், இளமையில் ஆசிரியப் பயிற்சி பெற்றது நம் திண்டுக்கல்லில்தான். இங்கேதான் சடையாண்டி பத்தரிடம் பிடில் கற்றார். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை அவர் எடுத்துரைத்தபோது, அதை வீணையில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்மணிகளான மரகதவல்லி, கனகவல்லி ஆகியோர். அறிஞரின் கணக்கு அவர்கள் விரலில்தான் இசையாயிற்று.

அடுத்த ஊரான மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் பாடச் சென்றபோது, அவருக்காகவே இராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு மன்றாட்டுப் பாடல் எழுதினார். அதற்கு மேனாட்டு முறையில் இசையமைத்தவர் சென்னையைச் சேர்ந்த ஹேண்டல் மானுவேல். வைணவ மரபில் வந்தவர் எழுத, கிறிஸ்தவர் இசையமைக்க, மீனாட்சி பட்டணத்துப் பெண் பாடினார்.

முடிவாக

மெண்டல்சன் கடிதம் எழுதாதிருந்தால், அல்லது ஜென்னி அவற்றைப் பேணாதிருந்தால், இந்த வரலாற்றில் பாதி நமக்குத் தெரிந்திராது. இன்று நாம் கைப்பேசியில் நாளுக்கு நூறு செய்தி அனுப்புகிறோம், மறுநாளே அழித்துவிடுகிறோம். ஆண்டுக்கு ஒரு கடிதமாவது தாளில் எழுதுவோம். பாட்டு ஆசிரியைக்கு, ஊரிலிருக்கும் பாட்டிக்கு, நம்மைத் தாங்கிய தோழிக்கு.

எங்கள் தோழிக்குக் குரல் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. விழாவுக்கு வரவில்லை, விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. பழைய உயரத்தை எட்ட இன்னும் காலமாகும் என்கிறார் மருத்துவர். இப்போது அவள் இரண்டாம் குரலில் பாடுகிறாள். அந்தத் தாழ்ந்த சுரங்களில் அவளுக்கு இருக்கும் கனிவை இதற்குமுன் நாங்கள் கேட்டதே இல்லை. இவ்வாண்டுப் பயிற்சி தொடங்கிய முதல் மாலையில், எவரும் சொல்லாமலே ஒரு சிறுமி எழுந்துபோய், கீபோர்டின் சுருதியை இரண்டு படி இறக்கி வைத்தாள்.

அந்த நாற்பது பக்க நோட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.